பழைய டிரக்கில் ஆயில் லீக்கும் இன்ஜின் தேய்மானமும்: சீலை மாற்றும் முன்னும் பின்னும்

என் பழைய நான்கு சக்கர டிரைவ் டிரக்கில் ரியர் மெயின் சீலை, அதாவது கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலை அடைத்து நிற்கும் வளையத்தை, இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) இரண்டையும் இறக்கி, சனி ஞாயிறு முழுக்க வண்டிக்கு அடியிலேயே கிடந்து செய்த வேலை. முதல் முறை ஒரு மாதம் தாங்கியது, இரண்டாம் முறை அதுவும் இல்லை. கடைசியில் பார்த்தால் சீல் மேல் ஒரு குற்றமும் இல்லை. டேப்பட் கவரிலிருந்து (இன்ஜினின் மேல்மூடி) ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் ஹோஸுக்குள் புழுதியும் ஆயில் பிசுக்கும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடந்தது. இன்ஜினுக்கு மூச்சு விட வழி இல்லை, கிடைத்த இடுக்கு வழியாக ஆயிலைத் தள்ளிவிட்டது. அந்த ஹோஸைக் கழற்றிக் கழுவ ஆன நேரம் பத்து நிமிடம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வரிசைதான். எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, அப்புறம்தான் ஸ்பேனர். கீழே இருப்பதும் அதே வரிசைதான். டார்க் அளவு (போல்ட்டை இறுக்கும் விசை), கிளியரன்ஸ் (இடைவெளி) என்று நான் தரும் எண்கள் பொதுவானவை. உங்கள் இன்ஜினின் ஒர்க்‌ஷாப் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுதான் சரி.

அடியில் படுக்கும் முன்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்டு. உயரமான டயர் போட்ட வண்டிக்கு உயரமான ஸ்டாண்டு வேண்டும், செங்கல்லை அடுக்கிச் சமாளிக்காதீர்கள். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது ஹேண்ட்பிரேக் விஷயம். பழைய ஆஃப்-ரோடு வண்டிகள் சிலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினாலே டிஃபரென்ஷியல் வழியாக அந்தப் பிடி விட்டுப்போகும், புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றினால் பிரேக்கே இல்லை. அதனால் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் மற்றது. ஓடின ஆயில் தோலுக்கு ஆகாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கழுவாமல் கண்டுபிடிக்க முடியாது

ஆயில் கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் விசிறும். சொட்டு விழும் இடத்தை நம்பி எதையும் கழற்றக் கூடாது. இன்ஜின் ஆறியதும் டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், காற்று உள்ளே போகும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, டீகிரீஸர் அடித்து, பழைய பிரஷால் தேய்த்து, அழுத்தம் இல்லாத தண்ணீரில் கழுவுங்கள். காய்ந்த பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே, முன்னிருந்து பின்னே பாருங்கள். ஈரம் இருக்கும் இடங்களில் எது மிக மேலே, எது மிக முன்னே இருக்கிறதோ அங்கேதான் ஊற்றுக்கண்.

கசிவு மெதுவாக இருந்தால், கழுவிக் காய்ந்த பரப்பில் டால்கம் பவுடரை ஊதிவிட்டு ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். வெள்ளைப் பூச்சின் மேல் ஆயில் வந்த தடம் கோடு போட்ட மாதிரி தெரியும். அதிலும் பிடிபடாவிட்டால் ஆயிலில் கலக்கும் யு.வி. சாயமும் அதற்கான விளக்கும் கிடைக்கின்றன.

அது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் உறுதி செய்யுங்கள். விரலில் தொட்டு முகர்ந்தால் பாதி தெரிந்துவிடும். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக நாற்றம் அடிக்கும். ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) சிவப்பு, பழசானால் பழுப்பு. கூலன்ட் வழவழப்பாக, லேசான இனிப்பு வாசனையோடு இருக்கும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் இருக்கும் பெல் ஹவுசிங் கூட்டின் அடியில் சொட்டுவது கியர் ஆயில் என்றால் அது கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல். பெயின்டை உரிக்கும் மெல்லிய திரவம் என்றால் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர். இரண்டுக்கும் இன்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிப்ஸ்டிக்கையும் பார்த்துவிடுங்கள். ஃபில்லர் மூடியின் உள்ளே மட்டும் மோர் மாதிரி வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் குளிர் இன்ஜினில் படிந்த ஈரம்தான். டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் போட்ட டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஆறு கடந்தபோது ஏறியதோ ஹெட் கேஸ்கட் போனதோ. அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

இன்ஜின் மூச்சு விடுகிறதா

பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கிக்கொண்டேதான் இருக்கும், புது இன்ஜினிலும். அது வெளியேறத்தான் பிரீதரும், அந்த வாயுவை இன்ஜினே திரும்ப உறிஞ்சிக்கொள்ள வைக்கும் பி.சி.வி. வால்வும். இந்த வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, சும்மா இருந்த சீலும் கேஸ்கட்டும் ஒவ்வொன்றாக ஒழுக ஆரம்பிக்கும். ஒரே சமயத்தில் மூன்று நான்கு இடத்தில் கசிவு வந்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

பி.சி.வி. உள்ள பெட்ரோல் இன்ஜினில் சோதனை எளிது. ஸ்லோ ஸ்பீடில் ஓடவிட்டு, ஆயில் ஃபில்லர் மூடியைத் திறந்து வாயின் மேல் ஒரு காகிதத் துண்டை வையுங்கள். லேசாக உறிஞ்சிப் பிடித்துக்கொண்டால் நல்லது. காகிதம் எகிறினால் வழி அடைத்திருக்கிறது, இல்லை ரிங் தேய்ந்திருக்கிறது. பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலக்க வேண்டும், சத்தமே இல்லை என்றால் சிக்கிக்கொண்டது. டீசலில் ஃபில்லர் வாயில் கொஞ்சம் புகையும் காற்றும் வருவது இயல்பு. ரயில் இன்ஜின் மாதிரி விட்டு விட்டு வேகமாக ஊதினால்தான் கவலைப்பட வேண்டும். ஹோஸ், அதன் வாயில் இருக்கும் கம்பி வலை எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, ஹோஸ் உள்பக்கம் உப்பியோ சுருங்கியோ இருந்தால் புதிது போடுங்கள். இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்த வேலை. கால்வாசி லீக் இதிலேயே குறைந்துவிட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

மேலே இருக்கும் சுலபமான குற்றவாளிகள்

ஆயில் பிரஷர் சுவிட்சை யாரும் பார்ப்பதில்லை. அதன் பிளக்கைப் பிடுங்கினால் உள்ளே ஆயில் நின்றிருக்கும், அப்படி என்றால் சுவிட்சையே மாற்ற வேண்டும். ஃபில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டுவிட்டால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் பீய்ச்சும். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையால் மட்டும். டிரெய்ன் பிளக்கில் செம்பு வாஷர் என்றால் ஒவ்வொரு முறையும் புதிது. கைவசம் இல்லாவிட்டால் பழையதைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மிருதுவாகும். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் ஒரு ஓ-ரிங், மெக்கானிக்கல் ஃப்யூயல் பம்ப் ஒட்டும் இடத்தில் ஒரு கேஸ்கட், இரண்டையும் தொட்டுப் பாருங்கள்.

டேப்பட் கவர் கேஸ்கட்டைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெல் ஹவுசிங் ஈரத்துக்கு ரியர் சீலை விட அதிகமாகக் காரணமாவது கவரின் பின்மூலை. அங்கே கசியும் ஆயில் இன்ஜின் முதுகு வழியாக வழிந்து, சீல் போன மாதிரியே வேஷம் போடும். தகரக் கவர் என்றால் கழற்றியதும் ஒரு நேர்கோல் வைத்துப் பாருங்கள். லீக்கை நிறுத்த யார் யாரோ போல்ட்டை இறுக்கி இறுக்கி, ஒவ்வொரு துளையைச் சுற்றியும் தகரம் கேஸ்கட் பக்கமாகக் குழிந்து போயிருக்கும். அப்படிக் குழிந்தால் போல்ட் இருக்கும் இடத்தில் மட்டும் கேஸ்கட் நசுங்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இடைவெளி விடும். கவரின் விளிம்பை ஒரு மரக்கட்டையின் ஓரத்தில் வைத்து, சின்னச் சுத்தியலால் உள்பக்கமிருந்து மெதுவாகத் தட்டிச் சமமாக்குங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்த்தால் எவ்வளவு நல்ல கேஸ்கட் போட்டாலும் ஒழுகும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டப் பிளாஸ்டிக் சுரண்டியோ மழுங்கிய பிளேடோ போதும். டிரில்லில் மாட்டும் நார் வட்டுகளை இன்ஜின் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், அதிலிருந்து உதிரும் உப்புத்தாள் தூள் ஆயிலோடு போய்ப் பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டு பரப்பையும் பிரேக் கிளீனரால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் காயவைத்துப் பொருத்துங்கள். ரப்பர் அல்லது கார்க் கேஸ்கட்டுக்கு முழுக்கச் சிலிக்கான் பூசினால் அது வழுக்கி வெளியே பிதுங்கும். மூலைகளிலும் அரைவட்ட வளைவுகளிலும் மட்டும் ஒரு பொட்டு போதும். உள்ளே பிதுங்கும் சிலிக்கான் பிய்ந்து விழுந்து ஆயில் பம்பின் வலையில் போய் உட்காரும், அதனால் "இருக்கட்டும் கொஞ்சம் அதிகமாக" என்ற எண்ணமே வேண்டாம். 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

முன் சீலும் ஆயில் சம்பும்

கிராங்க் புல்லி பின்னால் ஈரம், புல்லி விசிறியடித்த மாதிரி சுற்றிலும் ஆயில் என்றால் முன் சீல். புல்லியைப் புல்லரால் இழுத்ததும், சீல் உரசும் இடத்தில் நகத்தை வைத்துக் குறுக்காக ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி நின்றால் ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. ரப்பர் எப்படி இரும்பைத் தேய்க்கும் என்று கேட்கலாம்; ரப்பரில் ஒட்டும் புழுதிதான் தேய்க்கிறது, ஆஃப்-ரோடு வண்டியில் அதற்குப் பஞ்சமில்லை. இந்தப் பள்ளத்தின் மேலேயே புது சீலைப் போட்டால் புதுசும் ஒழுகும். மெல்லிய ரிப்பேர் ஸ்லீவை அதன் மேல் அடித்து ஏற்றலாம், அல்லது கவரில் இடம் இருந்தால் சீலை 1 அல்லது 2 மி.மீ. முன்னே பின்னே நிறுத்தி, தேயாத இடத்தில் உரசும்படி செய்யலாம். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் பக்கமாக இருக்க வேண்டும், உதட்டில் கொஞ்சம் கிரீஸ், அதே அளவு வட்டமான சாக்கெட்டையோ குழாயையோ வைத்து நேராக அடித்து இறக்குங்கள்.

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்பைப் பொறுத்தவரை, முன் ஆக்ஸில் குறுக்கே கிடக்கும் வண்டிகளில் ஒன்று இன்ஜினைக் கொஞ்சம் தூக்க வேண்டும், இல்லை ஆக்ஸிலைத் தொங்கவிட வேண்டும். இறக்கியதும் பாறை இடித்த பள்ளம் இருக்கிறதா பாருங்கள். ஆயில் உறிஞ்சும் வலைக்கு நேர் கீழே சம்ப் உள்வாங்கியிருந்தால் பம்புக்கு ஆயில் போதாது, தட்டி நேராக்கியே ஆக வேண்டும். சம்பின் அடியில் படிந்த கசடை ஊற்றிவிடாமல் காந்தத்தால் துழாவிப் பாருங்கள், கீழே தேய்மானம் பார்க்கும் பகுதிக்கு அது உதவும்.

ரியர் மெயின் சீல்: கடைசியாக, ஒரே தடவையாக

மேலே எல்லாம் காய்ந்த பிறகும் பெல் ஹவுசிங்கில் இன்ஜின் ஆயில் சொட்டினால் மட்டும் கியர்பாக்ஸை இறக்குங்கள். ஃப்ளைவீலைக் கழற்றியதும் உடனே சீலைக் கிளறாமல் தடத்தைப் பாருங்கள். பல இன்ஜின்களில் அங்கே கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பின்மூடியும் ஆயில் வழி மூடிகளும் இருக்கும், அவையும் ஒழுகும். ஒற்றை வட்ட சீல் என்றால் முன் சீல் மாதிரிதான் வேலை. இரண்டு பாதியாக வருவது என்றால், சீலின் இரு முனைகளும் பேரிங் கேப் பிளவுக்கு நேராக வராமல் சில மி.மீ. தள்ளி இருக்கும்படி திருப்பி வைத்து, முனைகளில் துளி சிலிக்கான் வையுங்கள். கியர்பாக்ஸ் வெளியே இருக்கும்போதே பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், இன்புட் ஷாஃப்ட் சீல் மூன்றையும் மாற்றிவிடுங்கள். ஆயில் குடித்த கிளட்ச் பிளேட்டை பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுவது வீண் வேலை, சூடானதும் உள்ளே இருந்து ஆயில் கசிந்து மறுபடி வழுக்கும்.

லீக் நிறுத்தும் டப்பாக்களைப் பற்றிக் கேட்பார்கள். அவை ரப்பரைக் கொஞ்சம் உப்பவைக்கும், காய்ந்து இறுகிய சீலுக்கு சில மாதம் அவகாசம் தரலாம். ஷாஃப்டில் பள்ளம் விழுந்ததற்கோ கிழிந்த உதட்டுக்கோ அதனால் ஒன்றும் ஆகாது.

தேய்மானம்: திறக்கும் முன் அளந்து பாருங்கள்

ஆயில் ஒழுகாமலேயே குறைகிறது என்றால் எரிகிறது. புகையைப் பாருங்கள். இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்து நீலப் புகை விட்டு அடங்கினால் வால்வு ஸ்டெம் சீல். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்து இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது நீலம் வந்தால் வால்வு சீல், அல்லது வால்வுத் தண்டு ஓடும் கைடு. மிதிக்கும்போதெல்லாம், மேடு ஏறும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் ரிங்.

அடுத்து கம்ப்ரெஷன். இன்ஜின் சூடாக, எல்லா ஸ்பார்க் பிளக்கும் வெளியே, இக்னிஷனும் பெட்ரோலும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு தடவை சுழலவிடுங்கள். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய்யாகும். பழைய பெட்ரோல் இன்ஜினில் 120 முதல் 170 பி.எஸ்.ஐ. வரை வரும், டீசலில் 300-க்கு மேல், அதற்கு வேறு கேஜ். எண்ணை விட முக்கியம் வித்தியாசம். மிகக் குறைந்தது, மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. இந்த ஆயில் சோதனை டீசலில் வேண்டாம், அங்கே எரியும் அறை மிகச் சிறியது, ஆயில் அதிகமானால் கன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) வளையும்.

பேரிங்குக்குச் சாட்சி சொல்வது ஆயில் பிரஷரும் ஃபில்டரும். டாஷ்போர்டு முள்ளை நம்பாமல், சுவிட்ச் இருந்த இடத்தில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கைக்கணக்கு. பிறகு கழற்றிய ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரியுங்கள். கரிய பசை இயல்பு. செம்பு நிறத்தில் மினுங்கும் துகள் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடியடுக்கு வெளிவந்ததைச் சொல்கிறது. காந்தத்தில் ஒட்டும் சீவல் என்றால் இரும்பு, அதாவது ரிங், கேம் அல்லது டேப்பட். இந்தக் காகிதத்தைப் பார்க்காமல் இன்ஜினை இறக்குவதா வேண்டாமா என்று முடிவு எடுக்காதீர்கள்.

டைமிங் செயினுக்குத் தனிக் கருவி தேவையில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, கிராங்க் போல்ட்டை ஒரு பக்கம் கையால் திருப்புங்கள், பிறகு எதிர்ப்பக்கம். ரோட்டர் அசைய ஆரம்பிக்கும் முன் கிராங்க் 10 டிகிரிக்கு மேல் சும்மா சுற்றினால் செயின் தளர்ந்துவிட்டது.

எதை எதுவரை மாற்றுவது

வால்வு ஸ்டெம் சீலுக்கு ஹெட்டைக் கழற்ற வேண்டாம். பிஸ்டன் பாதி ஏறும்போது பிளக் துளை வழியாக நைலான் கயிற்றை நுழைத்து, ஒரு முனை வெளியே தொங்கவிட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பி வால்வுகளை அடியிலிருந்து கயிறு தாங்கும்படி செய்யுங்கள். ஹெட்டில் ஆயில் இறங்கும் துளைகள் அத்தனையையும் துணியால் அடைத்துவிட்டுத்தான் ஸ்பிரிங்கை அழுத்த வேண்டும். ஸ்பிரிங்கை வால்வில் பூட்டும் குட்டி லாக் ஒன்று துள்ளிச் சம்புக்குள் விழுந்தால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை அவ்வளவுதான்.

சம்ப் இறங்கியிருக்கிறது, செம்புத் துகளும் பார்த்தாயிற்று என்றால் ஒரு கன்ராட் கேப்பைத் திறந்து பாருங்கள். கேப்பின் எண்ணும் திசையும் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான், இடம் மாறினால் கதை முடிந்தது. கிராங்க் ஜர்னலில் (பேரிங் உட்காரும் பகுதி) நகம் தட்டாமல் கண்ணாடி மாதிரி இருந்தால், இடைவெளி அளக்கும் நசுங்கும் இழையான பிளாஸ்டிகேஜ் ஒன்றை வைத்து கேப்பை உரிய டார்க்கில் இறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான பழைய இன்ஜின்களில் 0.03 முதல் 0.07 மி.மீ.க்குள் இருந்தால் அதே அளவு புது ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) போதும். கோடு விழுந்திருந்தால் கிராங்கை கிரைண்டிங்குக்கு அனுப்பி 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் ஷெல் போட வேண்டும். கீறிய கிராங்கில் புது ஷெல் போட்டு ஓட்டலாம் என்று சொல்பவர்கள் மறுமுறை இன்ஜின் இறக்க உதவிக்கு வரமாட்டார்கள்.

ஹெட் வெளியே வந்தால் நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள், 0.1 மி.மீ. நுழைந்தாலே ஃபேஸிங் செய்து பரப்பைச் சமமாக்க வேண்டும். பிளாக்கின் போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது, அதன் மேல் போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே வெடிப்பு விடும். சிலிண்டர் மேல்விளிம்பில் படி மாதிரி விரலில் தட்டினால் போர் (சிலிண்டரின் உள்துளை) தேய்ந்தாயிற்று. அங்கே ரிங் மட்டும் மாற்றுவது பணத்தை எரிப்பதுதான், ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன், அல்லது புது லைனர். படி இல்லை, போரும் அளவுக்குள் என்றால் லேசாக ஹோன் செய்து (உள்சுவரை உரசிச் சொரசொரப்பாக்கி) புது ரிங். ரிங்கை போருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி முனை இடைவெளி அளக்காமல் மாட்டாதீர்கள், 90 மி.மீ. போருக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. சாதாரணம். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்.

மறுபடி ஓடவிடும்போது

இன்ஜினைத் திறந்திருந்தால் ஆயில் பம்புக்குள் ஆயிலோ பெட்ரோலியம் ஜெல்லியோ நிரப்பி மூடுங்கள், காய்ந்த பம்ப் உறிஞ்சாது. பிளக்குகளை வெளியே வைத்தே, கேஜில் பிரஷர் ஏறும்வரை விட்டு விட்டு சுழலவிட்டு, அப்புறம் ஸ்டார்ட். பழைய தட்டை டேப்பட் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் புதிது என்றால் டேப்பட்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும், முதல் 20 நிமிடம் ஸ்லோ ஸ்பீடுக்கு இறங்கவிடாமல் 2000 ஆர்.பி.எம். அருகே ஓட்ட வேண்டும். புது ரிங் போட்டிருந்தால் முதல் ஆயிலை 500 கிலோமீட்டருக்குள் மாற்றி, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பாருங்கள், கொஞ்சம் மினுமினுப்பு இருக்கும், அது அடுத்ததில் குறைய வேண்டும். கார்க் கேஸ்கட் போட்ட இடங்களில் இரண்டு மூன்று முறை சூடேறி ஆறிய பிறகு போல்ட்டை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, முன் சக்கரம் எங்கே நிற்கிறது என்று அதில் குறித்து வையுங்கள்; காலையில் பொட்டு இருந்தால் எந்த இடத்துக்கு நேராக என்று தேட வேண்டியதில்லை.